நட்சத்திரம் போட்ட கேள்வி

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் எனக்கு உத்தியோகம். சம்பளம் கிடையாது, மேசை கிடையாது, மேலதிகாரி மட்டும் உண்டு. மேலதிகாரியின் பெயர் கோகிலா. என் மனைவி.

பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைக் கோகிலா எங்கள் வீட்டிலேயே பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் கொண்டுவந்து விட்டால் சோறு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் சாயங்காலம் வரை இங்கேதான். இப்போது எட்டுப் பேர். திருப்பூரில் இந்த மாதிரி வீடுகளுக்கு ஓர் அறக்கட்டளை பாயும் பொம்மையும் சத்துமாவும் கொடுத்து மேற்பார்வையும் பார்க்கிறது. அங்கிருந்து வரும் சுகந்தி மேடம் போன வாரம் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். பிள்ளைகளின் உடல்நல விவரம் எல்லாம் இந்த மாசத்துக்குள் காகிதத்திலிருந்து செல்போனுக்கு மாறிவிட வேண்டுமாம்.

கோகிலாவின் கையில் எந்நேரமும் ஒரு பிள்ளை இருக்கும். என் கைதான் சும்மா இருக்கிறது. நான் மெஷின் ஓட்டிய நிட்டிங் கம்பெனி பொங்கல் லீவுக்கு மூடியது, இன்னும் லீவு முடியவில்லை.

"ஏனுங்க, நீங்க பத்தாவது வரைக்கும் படிச்சவிங்கதானே?" என்றாள்.

"வரைக்கும்தான். தாண்டலை."

"இதுக்கு அது போதுமுங்க."

ஈரோட்டில் பி.காம். படிக்கும் எங்கள் மகள் கீர்த்தனாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "அப்பா, தெரியாததை அமுக்காதீங்க. தெரிஞ்சதையும் யோசிச்சு அமுக்குங்க. தினமும் என்ன செஞ்சீங்கன்னு எழுதி வைங்க, இல்லைன்னா மறந்துருவீங்க" என்றாள். அதற்காகத்தான் இந்த டைரி. நூல் கடைக்காரர் கொடுத்தது. ஜனவரி முதல் மே வரை கோகிலாவின் கோலப்புள்ளி இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

எட்டுப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளையும் படம் பிடித்து ஏற்றினேன். எட்டிலும் என் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

எடை, உயரம் ஏற்றும் நாள். மூன்று வயது கவின் நூற்றுப் பதினைந்து கிலோ என்று போட்டுவிட்டேன். புள்ளி விழவில்லை. போன் உடனே சிவப்பாகி, 'குழந்தை அதிக எடை, மருத்துவரை அணுகவும்' என்றது. கவினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மூக்கை என் சட்டையில் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாத்தா என்கிறார்கள். எனக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது. மாமா என்று சொல்லிக் கொடுத்தேன். தனு மட்டும் 'மாமா தாத்தா' என்றாள். தனுவுக்கு இரண்டரை வயது. மத்தியானம் நான் கொஞ்சம் சாய்ந்தால் என் வயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டுவாள். நல்ல பெரிய பஸ்.

பெருந்துறையில் ஒரு மில்லிலிருந்து போன் வந்தது. ஷிப்டுக்கு ஆள் வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்த வேலை பாதியில் நிற்கிறதே.

ஜூன் 14, சனி

இன்றோடு முடித்துவிட்டேன்! நிட்டிங் மெஷினில் ஒரு ரோல் துணி ஓட்டை இல்லாமல் இறங்கினால் வரும் சந்தோஷம்.

கடைசிப் பகுதிதான் பெரிய வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கோகிலா ஒரு தாள் வைத்திருக்கிறாள். சேரும்போது அம்மாவிடம் கேட்டு எழுதியது. எந்தச் சாப்பாடு ஆகாது, மூச்சிரைப்பு உண்டா, வலிப்பு வந்ததுண்டா, ஆபரேஷன் ஏதும் நடந்ததா என்று வரிசையாக இருக்கும். உண்டு என்றால் விவரம் எழுதியிருக்கிறாள். கவினுக்கு நிலக்கடலை ஆகாது என்பதைப் பெரிதாக எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறாள். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு. எங்கேயோ ஒன்றிரண்டு இடத்தில் அதுவும் இல்லை. கை வலித்திருக்கும்.

காகிதம் பொறுமைசாலி. விட்டதை விட்டபடி வைத்திருக்கும். போன் அப்படி இல்லை. கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தால் பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது. ஆம் அல்லது இல்லை, ரெண்டில் ஒன்று. கோகிலா கோடு போட்ட இடம், சும்மா விட்ட இடம் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அமுக்கிக்கொண்டே போனேன். பழகப் பழகக் கட்டைவிரல் தானாகவே போகிறது. நடுவில் ஒரு சந்தேகம் கேட்கப் போனேன். அவள் ஒரு பிள்ளையைத் தோளிலும் இன்னொன்றைக் காலிலும் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். அவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

சுகந்தி மேடம் வந்து பார்த்தார். "இந்த ஏரியாவுல முதல்ல முடிச்சது நீங்கதான் சார்" என்றார். கோகிலாவைப் பார்த்தேன். அவள் காதில் விழாத மாதிரி கேரட் துருவிக்கொண்டிருந்தாள். மேடத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லலாமா என்று நினைத்தேன். நாகரிகமாக இருக்காது.

ஜூன் 20, வெள்ளி

தனுவுக்கு மத்தியானம் உடம்பு லேசாகச் சுட்டது. கோகிலா கிண்டிக்கொண்டிருந்த உப்புமாவை அப்படியே அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, பிள்ளையின் சட்டையைக் கழற்றி, காய்ச்சல் மருந்தை அளந்து கொடுத்து, அவள் அம்மாவின் கம்பெனி சூப்பர்வைசருக்குப் போன் போட்டுவிட்டாள். போன மாசம் கவினுக்கு இதைவிட அதிகமாகச் சுட்டபோது இவ்வளவு அமளி இல்லை. பெண் பிள்ளை என்று ஒரு செல்லம் போலிருக்கிறது.

தனுவின் அம்மா பாண்டீஸ்வரி ஓட்டமாக வந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள், கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். இரண்டு பெண்களும் வாசலில் குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். உப்புமா கட்டியாகிவிட்டது. அதைத்தான் சாப்பிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

நாளைக்குக் காங்கேயம் பக்கத்தில் கோகிலாவின் அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து. அவள் போயே ஆக வேண்டும். வினோதினி என்ற பெண்ணை ஒரு நாளைக்கு உதவிக்கு அனுப்புவதாக அறக்கட்டளையில் சொல்லியிருக்கிறார்கள்.

கோகிலா இன்று முழுக்க எனக்குப் பாடம் எடுத்தாள். சோறு இவ்வளவு குழைய வேண்டும், கவின் பக்கத்தில் கடலை மிட்டாய் வரக்கூடாது, யாரையும் வெயிலில் விடக்கூடாது. "அப்புறம், தனுவுக்கு ஒடம்பு சுட்டா நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. ஒடனே எனக்குப் போன் பண்ணுங்க. கேட்டுச்சுங்களா?"

"எல்லாம் போன்ல இருக்கு புள்ள. நீ நிம்மதியா போயிட்டு வா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஜூன் 28, சனி

எழுதிவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் சோறு ஊட்டும்போது தனு வாயைத் திறக்கவில்லை. நெற்றி சுட்டது. வினோதினி நல்ல பெண், சுறுசுறுப்பு. உடனே போனில் தனுவின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "வலிப்பு இல்லை, மூச்சிரைப்பு இல்லைன்னு இருக்குங்க அங்கிள். தூங்கட்டும், அப்புறம் ஒரு தடவை காய்ச்சல் பார்த்துக்கலாம்." எனக்குப் பெருமையாக இருந்தது. நான் ஏற்றிய விவரம் வேலை செய்கிறது. கோகிலாவுக்குப் போன் பண்ணவில்லை. காதுகுத்து வீட்டில் எதற்கு அவளைக் கலவரப்படுத்துவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தனு தூக்கத்தில் உதைத்துக்கொள்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கண் மேலே போயிருக்கிறது, கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வினோதினி அலறினாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் "சாவி! சாவியைக் கையில குடுங்க!" என்றார். நானும் ஓடிப்போய் வண்டிச் சாவியை எடுத்து வந்து அந்தச் சின்னக் கையில் திணித்தேன். அதில் இரும்பை விடப் பிளாஸ்டிக்தான் அதிகம். திணிக்கும்போதே அதுவும் தெரிந்தது. ஆனாலும் திணித்தேன்.

இழுப்பு நின்றுவிட்டது. எனக்குத்தான் அது நீண்டதாகத் தெரிந்திருக்கும். வினோதினியிடம் மற்றவர்களை விட்டுவிட்டு, ஆட்டோவில் தனுவை மடியில் போட்டுக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போனேன். வழியிலேயே பாண்டீஸ்வரியின் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். கோகிலாவுக்கும் பேசினேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "நான்தான் சொன்னனுங்களே" என்றாள். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். இது மூன்றாவது தடவை. ஒரு வயதில் ஒன்று, போன வருஷம் ஒன்று, இரண்டும் காய்ச்சலோடு. பிள்ளையைச் சேர்த்த அன்றைக்கே பாண்டீஸ்வரி அவளிடம் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் தெரியக்கூடாது, எழுதக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"அப்புறம் ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"உங்ககிட்டச் சொல்றதும் டீக்கடையில சொல்றதும் ஒண்ணுதானுங்களே."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

தனு சோர்ந்து கிடந்தாள். டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாண்டீஸ்வரியும் அவள் கணவன் செல்வகணேஷும் வந்துவிட்டார்கள். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். விரல் எல்லாம் நீலம்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

பாண்டீஸ்வரி கணவனைப் பார்த்தாள். "இல்லைங்க" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் போனை நீட்டினேன். அதுவும் இல்லை என்றது.

"முதல் தடவைன்னா, பிள்ளை இவ்வளவு சோர்வா வேற இருக்கா, மூளைக்காய்ச்சலான்னு பார்த்தாகணும். கோயமுத்தூருக்கு எழுதித் தரேன். முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பாங்க."

பாண்டீஸ்வரியின் முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஊசி என்றதும் அவள் கை பிள்ளையின் முதுகுக்குப் போனது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறந்தால் கோகிலா அவளுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. திறக்காவிட்டால் பிள்ளைக்கு முதுகில் ஊசி. நான் ரகசியம் காக்கத் தெரியாதவன் என்று என் வீட்டிலேயே பெயர் எடுத்தவன்.

"டாக்டர், போன்ல இருக்கறது தப்பு. நான்தான் ஏத்துனேன், தெரியாம ஏத்திட்டேன். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்திருக்கு. ரெண்டும் காய்ச்சலோட."

"என்னண்ணே பேசுறீங்க?" என்றார் செல்வகணேஷ். என்னைக் கேட்டாரே தவிர, பார்த்தது மனைவியை. அவள் தரையைப் பார்த்தாள். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது.

"அப்ப அவசரப்பட வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே வச்சுப் பார்க்கலாம்."

சாயங்காலத்துக்குள் தனு எழுந்து பிஸ்கட் கேட்டாள். ஊசி வேண்டியிருக்கவில்லை. செல்வகணேஷ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். பாண்டீஸ்வரி என்னைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாள்: "இத்தன பேருக்கு முன்னாடி சொல்லிப்புட்டீகளேண்ணே."

ஜூன் 30, திங்கள்

ஏழு பேர் வந்தார்கள்.

கோகிலா என்னோடு பேசவில்லை. மத்தியானம் தாள்களை எடுத்து என் முன்னால் விரித்தாள். "இங்க கோடு போட்டிருக்கறன் பாருங்க. கேட்டன், இல்லைன்னாங்க, கோடு. இங்க ஒண்ணும் போடலை. போடலைன்னா என்ன அர்த்தம்?"

"இல்லைன்னு."

"எங்கிட்டக் கேளுன்னு அர்த்தம்."

தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அவளே, "நானும் எழுதாம உட்டிருக்கக் கூடாதுங்க. நான் ஊட்டுல இல்லைன்னா என்ன ஆகும்னு நெனச்சே பாக்கலை" என்றாள். அவள் கண்ணைத் துடைத்தாள். நான் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். உரிக்க ஆரம்பித்தால் இருவருக்கும் சௌகரியம்.

ஜூலை 2, புதன்

சுகந்தி மேடம் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இதை ஆம்னு மாத்திடுங்க மேடம்" என்றேன்.

"நீங்களோ நானோ மாத்த முடியாது சார். ஒரு தடவை ஏத்தினதை மாத்தணும்னா பெத்தவங்க வந்து ஒப்புக்கணும். மாத்தாம பிள்ளையைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது."

"ஆம்னு போட்டா சேர்க்க மாட்டீங்களா?"

"யார் சொன்னா? டாக்டர் கடிதம் ஒண்ணு வேணும். வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு இங்க பார்த்துக்கறவங்க கத்துக்கணும். அவ்வளவுதான்." பையை மூடிக்கொண்டே, "சாவி எல்லாம் வேண்டாம் சார்" என்றார். வினோதினி சொல்லியிருக்கிறாள்.

ஆக, பாண்டீஸ்வரி பயந்தது மாதிரி, வலிப்பு வந்த பிள்ளையைச் சேர்க்கக்கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. ஆனால் அவள் பயந்தது விதிக்குத்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வலிப்புள்ள பிள்ளை என்றால் ஊரில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். நானே பேசியிருக்கிறேன், வேறு பிள்ளைகளைப் பற்றி.

ஜூலை 4, வெள்ளி

கோகிலா பாண்டீஸ்வரியின் லைன் வீட்டுக்குப் போய்வந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பாண்டீஸ்வரி வேலைக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் அவள் இடத்தில் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். செல்வகணேஷ் பேசுவதே இல்லையாம்.

"நீ என்ன சொன்ன?"

"மேடம் சொன்னதச் சொன்னன். அவ புள்ளையக் கையில குடுத்தா. கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு வந்தன்."

மத்தியானம் சாய்ந்தேன். பஸ் ஓட்ட ஆள் இல்லை. கவினைக் கூப்பிட்டேன். அவன் "நீ குண்டு" என்று சொல்லிவிட்டு ஓடினான். நூற்றுப் பதினைந்து கிலோ சொல்கிறது.

பெருந்துறைக்குத் திரும்பிப் பேச மறந்துவிட்டேன். இந்நேரம் ஆள் எடுத்திருப்பார்கள். போகட்டும், தூரம்.

ஜூலை 7, திங்கள்

சாயங்காலம் மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகு பாண்டீஸ்வரி வந்தாள். இடுப்பில் தனு, கையில் டாக்டர் கடிதம். செல்வகணேஷ் உள்ளே வரவில்லை. தெருவில் பைக்கை அணைக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

கடிதத்தைப் படித்தேன். காய்ச்சலோடு வரும் வலிப்பு, வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும், மற்ற பிள்ளைகளோடு விடலாம் என்று இருந்தது. வந்தால் செய்ய வேண்டியதையும் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"போட்டுருங்கண்ணே" என்றாள்.

"நான் போடக் கூடாதும்மா. நீதான் அமுக்கணும்."

அந்தப் பக்கத்தைத் திறந்து போனை நீட்டினேன். சிவப்பு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நான் போட்ட 'இல்லை' இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத யாரு யாரு பாப்பாக?"

"நீ, நாங்க ரெண்டு பேர், மேடம், கேட்டா டாக்டர். வேற யாரும் இல்லை."

'ஆம்' என்று அமுக்கினாள்.

அமுக்கியதும் கீழே புதிதாக ஒரு கேள்வி முளைத்தது. எட்டுப் பேருக்கும் நான் 'இல்லை' என்றே போட்டதால் இந்தக் கேள்வியை நான் பார்த்ததே இல்லை. வாய்விட்டுப் படித்துவிட்டேன். நான் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பேன். "குடும்பத்தில் வேறு யாருக்கேனும் சிறுவயதில் வலிப்பு வந்ததுண்டா? தாய், தந்தை, உடன்பிறந்தவர், யாருமில்லை."

"யாருமில்லைன்னு போட்டுரலாமா?" என்றேன். என் கட்டைவிரலுக்கு இன்னும் புத்தி வரவில்லை.

பாண்டீஸ்வரி தனுவை இடுப்பிலிருந்து இறக்கினாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

"எனக்கும் வந்துச்சுக்கா" என்று கோகிலாவைப் பார்த்துச் சொன்னாள். "அஞ்சு வயசு வரைக்கும் வந்துச்சாம். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா கோயில்ல கூட்டிட்டுப் போயி, யாருட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுச்சு. பிள்ளைக்கு வரவும், என்னயத்தான் சொல்லுவாகன்னு… ஊசி போடுறேன்னாகளே, அப்பக்கூட என் வாயி வரலயேக்கா. நானெல்லாம் ஒரு தாயா?"

கோகிலா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "உனக்கு வந்துச்சு, நீ நல்லாத்தான இருக்கற? அப்ப இவளுக்கும் நின்னுபோகுமல்லோ. இத அவருகிட்டச் சொல்லு அம்மிணி, சந்தோசப்படுவாரு."

வெளியே ஹாரன் அடித்தது. பாண்டீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 'தாய்' என்ற இடத்தை அமுக்கினாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "இருங்க வாரேன்" என்று தெருவுக்குப் போனாள்.

கோகிலா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். நான் சாத்தவில்லை. ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை, பைக் சத்தம்தான். அவள் பேசுவது தெரிந்தது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றியது தெரிந்தது. பிறகு பைக் சத்தம் நின்றது. அதற்கப்புறமும் ரொம்ப நேரம் இருவரும் அங்கேயே நின்றார்கள். அவர் ஒரு தடவை கையை ஓங்குகிற மாதிரி தூக்கினார், நான் எழுந்துவிட்டேன். அந்தக் கையால் தன் தலையைத்தான் தடவிக்கொண்டார்.

உள்ளே வந்தார். உட்கார இடம் தேடி, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மார்புக்கு வந்தது. தனு ஓடிப்போய் அதன் மேல் ஏறப் பார்த்தாள்.

"மூணு தடவை வந்திருக்கு. நான் ஒரு தடவைகூட பார்த்ததில்லைண்ணே" என்றார். "என்கிட்டச் சொல்ற மாதிரி நான் இருந்திருக்க மாட்டேன் போல." நீல விரலால் நாற்காலியின் விளிம்பைச் சுரண்டினார். பிறகு, "வீட்ல வச்சு வந்தா நான் என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க" என்றார்.

நான் டாக்டரின் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். பிடித்து அமுக்க வேண்டாம். வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

"ஒருக்களிச்சுன்னா எப்படி?" என்றார்.

கோகிலா பாயை விரித்தாள். தனுவைப் படுக்கவைத்து, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்துப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாள். தனு இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள். மறுபடி மல்லாக்கப் புரண்டு படுத்துக்கொண்டு, "அப்பா நீ" என்றாள்.

செல்வகணேஷ் நாற்காலியிலிருந்து இறங்கி மண்டிபோட்டு உட்கார்ந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிள்ளை உடைந்துவிடுமோ என்பது மாதிரி மெதுவாகத் திருப்பினார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். பாண்டீஸ்வரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா" என்றாள் தனு.

அவர் இன்னொரு தடவை திருப்பினார்.